மூன்று முறை தீட்டிய பச்சரிசி

காவாந்தண்டலத்துச் சேரியில் போய் ஐசக் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்லமாட்டார்கள். பச்சரிசி ஐசக் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் சின்னப் பிள்ளைகூட விரலை நீட்டிவிடும். கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் மனுஷன் அதை மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு நடந்தான். பிறகு ஒரு பங்குனி மாதம் வந்தது. அதற்கப்புறம் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது கேளாதவனாட்டம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவான்.

அவனுடைய அப்பனும் அப்பனுக்கு அப்பனும் ஊர்க்காரர் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். ஏரை விட்டு மிஷினுக்குப் போன முதல் ஆள் ஐசக்தான். வாலாஜாபாத்தில் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். கை சுத்தம், குடி கிடையாது, சங்கு ஊதுவதற்கு முன்னால் வந்து நிற்பான். கொஞ்ச நாளில் அரிசி தீட்டுகிற மிஷினை அவனிடம் ஒப்படைத்தார்கள். தினமும் விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுப்பான். பாலாற்று மணலில் அதைத் தள்ளிக்கொண்டு அக்கரை ஏறுவான். வேட்டியைத் தூக்கிக் கட்டாமல், சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரு மகனை அந்தச் சேரி அப்போதுதான் பார்த்தது.

சேர்ந்த முதல் வருஷம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. மழை விட்ட வயலில் நத்தை கிடைக்கும். அவன் மனைவி மார்த்தாள் அதைப் பொறுக்கி வந்து, ஓட்டை உடைத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, மிளகைத் தட்டிப்போட்டுக் குழம்பு வைப்பாள். அன்றைக்கு அந்தக் குழம்பையும் இரண்டு உருண்டை கேழ்வரகுக் களியையும் தூக்கில் வைத்துக் கொடுத்திருந்தாள். மத்தியானம் மிஷின் நின்றதும் ஐசக் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தான். மேஸ்திரி வேதகிரி அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னாடா அது?"

"நத்தைங்க, மேஸ்திரி."

"தூ! அரிசி கொட்ற எடத்துல இத்த வெச்சிக்கினு துன்றியா? எழுந்துரு, எழுந்துரு. அப்பால தவுட்டுக் குமி கிட்ட போய் துன்னு."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாடு வந்து முட்டிவிடப் போகிறது, பார்த்து உட்காரு என்றான் ஒருவன். ஐசக் எழுந்து போனான். எழுந்து போனதுதான் அவனை ராத்திரியும் பகலும் அரித்தது. தவிட்டுக் குமியின் ஓரத்தில் நின்று தூக்கை அப்படியே கவிழ்த்தான். அவனுக்கு உயிரான குழம்பு அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் கையைக் காலைக்கூடக் கழுவவில்லை.

"இந்தா, மார்த்தா. இனிமே இந்த வூட்ல நத்தை வரக்கூடாது. நண்டு வரக்கூடாது. கேவுருக் களி, கூழு, ஒண்ணும் கூடாது. வரப்புல குந்திக்கினு கீரை கிள்றதும் இன்னியோட சரி. நெல்லுச்சோறுதான்."

மார்த்தாள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பேசற நீ? நத்தை இன்னா நான் திருடிக்கினு வந்ததா? கீரை இன்னா, எவன் அப்பன் வூட்டுதையாச்சும் கிள்ளிக்கினு வந்தேனா?"

"நாம துன்றதப் பாத்துதான் நம்பள எட்டி நில்லுன்றான். புரியுதா உனுக்கு?"

அவளுக்குப் புரிந்தது, புரியாமல் என்ன. எட்டி நில்லு என்கிறவன் தட்டைப் பார்த்தா சொல்கிறான்? பால்சோறு தின்றாலும் அவன் அதைத்தான் சொல்வான். வயலில் குனிந்து நட்டவளுக்கு அந்த வயல் கொடுத்த தீனியில் என்ன கேவலம் இருக்கிறது? கேவலம் சிரித்தவர்களுடையது. ஆனால் சிரித்தவன் சிரித்துவிட்டுப் போய்விடுகிறான். சிரிக்கப்பட்டவன்தான் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து பெண்டாட்டி தலையில் இறக்குகிறான். புருஷன் முகம் அன்றைக்கு இருந்த இருப்பைப் பார்த்து மார்த்தாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மில்லில் கூலியோடு கொஞ்சம் அரிசியும் கொடுப்பார்கள். மற்றவர்கள் குருணை கலந்த புழுங்கலரிசியை வாங்கிக்கொண்டு போவார்கள். ஐசக் பச்சரிசி கேட்டு வாங்கினான். பெரிய வீடுகளில் அதுதான். வாங்கியதை அப்படியே கொண்டுபோகிற ஆளா அவன்? கையில் மிஷின் இருக்கிறதே. எல்லோரும் போன பிறகு தன் பங்கை மறுபடியும் அதில் போடுவான். ஏற்கெனவே ஒரு தடவை தீட்டிய அரிசிதான். இரண்டாம் தடவையில் மிச்சம் மீதி இருந்த செந்தோலும் கழன்றுவிடும். மூன்றாம் தடவைக்குப் போக ஒன்றுமே இருக்காது, ஆனாலும் போடுவான். கையில் அள்ளிப் பார்த்தால் அரிசி பளபளவென்று வழுக்கிக்கொண்டு ஓடும். உதிர்ந்த தவிட்டைத் துடைப்பத்தால் கூட்டி, முதலாளியின் மாட்டுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புவான்.

வீட்டிலும் அந்த அரிசிக்குத் தனி மரியாதை. தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவச் சொன்னான். குழையவிடாமல் கஞ்சியை வடிக்கச் சொன்னான். பெரிய வீடுகளில் கழுநீரும் கஞ்சியும் மாட்டுக்குப் போகும். இவர்களுக்கு மாடு ஏது? மார்த்தாள் எருக்கஞ்செடிக்கு ஊற்றினாள். வெள்ளைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு ரசம், இல்லாவிட்டால் வெறும் புளித்தண்ணீர், ஒரு அப்பளம். பருப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு. இரண்டு கோழி வளர்த்தார்கள், முட்டை சந்தைக்குப் போனது. வரப்புக் கீரையும் முருங்கையும் நண்டும் காசில்லாமல் வந்தவை. அவற்றை நிறுத்தின இடத்தில் காசு கொடுத்து வாங்கி வைக்க ஐசக்கால் முடியவில்லை. அந்த இடம் காலியாகவே கிடந்தது. சோறு வெள்ளையாக இருந்ததால் அது அவன் கண்ணில் படவில்லை.

சேரியே வாயைப் பிளந்தது. கிறிஸ்துமஸுக்கு அந்த அரிசியில் பொங்கி உபதேசியாரைச் சாப்பிடக் கூப்பிட்டான். உபதேசியார் ஒரு பருக்கையை விரலில் எடுத்துப் பார்த்து, பட்டணத்தில்கூட இப்படி வெள்ளையைப் பார்த்ததில்லை என்றார். ஐசக்குக்கு அந்த ஒரு வார்த்தை ஒரு வருஷத்துக்குப் போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்முலுதான் இதில் சேராதவள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள், வாய் கொஞ்சம் நீளம். "எண்ணே, அரிசிய இப்டி உரிச்சிக்கினே போனா கடைசில சோத்துக்குப் பதிலா காத்துதான் துன்னணும்" என்பாள். ஐசக் பாட்டுக்குச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவன் மகள் எஸ்தரு ஆறு வயசுப் பெண், அம்முலு வீட்டிலேயே கிடப்பாள். ஒரு நாள் அங்கே கூழ்ச் சட்டிக்குள் கையை விட்டு வழித்துத் தின்றுகொண்டிருந்த மகளை ஐசக் பார்த்துவிட்டான். இழுத்துக்கொண்டு வந்து முதுகில் வைத்தான் ஒன்று. மார்த்தாள் பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டு, அவனையே பார்த்தாள். அடித்த கை அன்றைக்கு அவனுக்கு வலிக்கவில்லை. அது பிறகு வலித்தது.

இப்படியே சில வருஷம் போய், மார்த்தாள் இரண்டாம் தடவை முழுகாமல் இருந்தாள். ஐந்தாறு மாதத்தில் கால் மரத்துப்போகிறது என்றாள். உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். குந்தி எழுந்திருந்தால் முழங்கால் நிற்கவில்லையாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் இருக்கும் என்று ஐசக் சொன்னான். வேண்டுமானால் சோறு இன்னும் ஒரு பிடி போட்டுக்கொள் என்றும் சொன்னான். அன்போடுதான் சொன்னான், அதில் சந்தேகமில்லை. தன் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைப்பான். அந்த வெள்ளைச் சோற்றைத்தான் வைத்தான்.

மார்கழியில் ஆண் பிள்ளை பிறந்தது. சாமுவேல் என்று பெயர். சேரிப் பெண்கள் பெற்றவளுக்குக் கொடுக்கிறதற்குப் பால்சுறாக் கருவாடும் பூண்டும் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஐசக் வாசலிலேயே நிறுத்திவிட்டான். பெரிய வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பச்சரிசிச் சோறும் மிளகு ரசமும்தான் பத்தியம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வீடுகளில் பத்தியத்துக்குப் பின்னால் பாலும் நெய்யும் வருகிற கதையை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கருவாடு கொண்டுவந்த பெண்கள் முகம் சுருங்கித் திரும்பிப் போனார்கள்.

பிள்ளை என்னவோ கொழுகொழுவென்றுதான் இருந்தது. மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் குடித்த பாலைக் கக்க ஆரம்பித்தது. முகம் கொஞ்சம் உப்பினாற்போல இருந்தது. ஓயாமல் சிணுங்கியது. பிறகு ஒரு நாள் காலையில் மார்த்தாள் கூப்பிட்ட கூப்பாட்டில் ஐசக் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"இங்க வந்து பாருய்யா. புள்ள அழுவுது. சத்தம் வல்ல."

பாயில் கிடந்த பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, வயிறு ஏறி இறங்கியது, கை இரண்டும் முறுக்கிக்கொண்டிருந்தன. குரல் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு காற்று மட்டும் வந்தது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே கத்துகிறது, காதில் ஒன்றும் விழவில்லை என்றால் எந்த அப்பனால் நிற்க முடியும்?

அன்றைக்கே மார்த்தாளையும் பிள்ளையையும் சைக்கிளில் உட்காரவைத்து, மணலில் தள்ளிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனான். தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு, பெண்களும் பிள்ளைகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா அங்கேயே ஒரு மேஜையைப் போட்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள். சின்ன உருவம், கண்ணாடி, கோபமில்லாத குரல். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாள். தொண்டைக்குள் பார்த்தாள். பிறகு மார்த்தாள் பக்கம் திரும்பினாள்.

"தாய்ப்பால்தானே? நீ என்னம்மா சாப்பிடுற? காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் சொல்லு."

மார்த்தாள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஐசக் பெஞ்சைப் பார்த்தான். வேதகிரி மேஸ்திரியின் மனைவி சொக்கம்மாள் காலில் கட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் எல்லாரையும் பார்க்கிற மாதிரிதான் இவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போதாதா? மார்த்தாள் வாயிலிருந்து வெறும் சோறும் ரசமும் என்று வருவதற்குள் ஐசக் முந்திக்கொண்டான்.

"சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க, டாக்டரம்மா. காலைல இட்லி. மத்தியானம் சோறு, சாம்பாரு, கீரை. டெய்லி ஒரு முட்டை. ராத்திரிக்கிப் பாலு."

"முட்டை, பால், பருப்பு எல்லாம் இருக்கா?"

"கீதுங்க."

மார்த்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். நீதான் சொல்லேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மார்த்தாள் நிமிரவில்லை. தாய்க்கு நல்ல சாப்பாடு இருக்கிறது என்று அப்பனே சொல்லும்போது டாக்டரம்மா வேறு எதை நினைப்பாள்? தொண்டைக் கட்டுக்கு மருந்து எழுதிக் கொடுத்தாள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கி வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். சொக்கம்மாளைத் தாண்டி வரும்போது ஐசக்கின் தோள் நிமிர்ந்துதான் இருந்தது. அதை நினைத்தால் பிற்பாடு அவனுக்கே உடம்பு கூசும்.

மருந்து உள்ளே போனது. குரல் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளை பாலைத் தொடவில்லை. உதட்டோரம் நீலம் பாரித்தது போலிருந்தது. மார்த்தாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு புருஷனைக் கேட்டாள்.

"முட்டைன்னியே. பாலுன்னியே. எங்க கீது அதெல்லாம்? காட்டு, பாக்கறேன்."

ஐசக் மருந்துச் சீசாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா இன்னாத்துக்குக் கேட்டாங்க? காரியம் இல்லாம கேப்பாங்களா? எங்காலு மரத்துக் கெடக்குது. எம் பாலத்தான் இது குடிக்குது. நீ பொய்யச் சொல்லிட்ட, அவுங்க அதுக்கு மருந்து குடுத்துட்டாங்க."

"காலைல போலாம். மருந்து புடிக்கட்டும். காலைல தனியா கூப்ட்டு சொல்லிட்றேன்."

"தனியாவா?"

"எல்லார் எதிர்லயும் எப்டி..." என்றான். மார்த்தாள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

விடிந்ததும் ஐசக் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம்பு கேட்டுத் தெருக்கோடிக்குப் போனான். திரும்பி வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. எஸ்தரு அம்முலு இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். மார்த்தாளைக் காணோம்.

"அவ போய்ட்டாண்ணே. புள்ளையத் தூக்கிக்கினு. நான் வரேன் இரு, இருன்னு சொல்றேன், காதுலயே வாங்கல."

ஆற்று மணலில் பாதி தூரத்தில் அவளைப் பிடித்தான். பிடித்தான் என்பதற்கில்லை; அவள் அங்கே விழுந்து கிடந்தாள். முழங்கால் மடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிள்ளை மேல் மணல் படாதபடி இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் காலோடு இவ்வளவு தூரம் எப்படி வந்தாளோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஐசக் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கினான். மார்த்தாள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"நீ வர வாணாம். எம்மாந்தூரம் இன்னும், நான் மெல்லப் போய் சொல்லிட்றேன். உனுக்கு அவமானமா இருக்கும்."

அந்த வார்த்தை அவனை எங்கே வெட்டியது என்று எழுதிக் காட்ட முடியாது. கோபத்தில் சொன்னதாக இருந்தால் தாங்கியிருப்பான். அவள் நிஜமாகவே அவனுக்காகப் பார்த்துச் சொன்னாள். சாகக் கிடக்கிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து நிற்க வக்கில்லாமல், புருஷனுடைய மானத்துக்கு இன்னும் காவல் இருக்கிறாள். நான் என்ன ஜென்மம் என்று அவன் வாய்விட்டே சொன்னான். சைக்கிள் பின்னால் அவளைத் தூக்கி வைத்து, பிள்ளையை அவள் மடியில் கொடுத்து, மணலில் சக்கரம் புதையப் புதையத் தள்ளினான். வழியெல்லாம் பிள்ளையின் மூச்சு பொசுக் பொசுக்கென்று அவன் காதில் விழுந்துகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நேற்றைவிடக் கூட்டம். சொக்கம்மாள் கட்டு மாற்ற வந்திருந்தாள். கூட வேதகிரி மேஸ்திரியும் வந்து தூணில் சாய்ந்து நின்றார். டாக்டரம்மா வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஐசக் பிள்ளையை எடுத்துக்கொண்டு நேராக மேஜைக்குப் போனான். தனியாகக் கூப்பிட நேரம் இல்லை. இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பானோ என்னவோ. அவனுக்கே அது தெரியாது.

"டாக்டரம்மா, நான் நேத்து சொன்னது பொய்யிங்க. முட்டை இல்ல, பாலு இல்ல, கீரை இல்ல. பச்சரிசிச் சோறு, ரசம். அவ்ளோதான். அரிசிய மில்லுல நானே மூணு வாட்டி தீட்டினேங்க. கஞ்சிய வடிச்சிக் கீழ ஊத்திட்டோம். கேவுரு, கருவாடு, எல்லாம் வேணாம்னு நான்தான் நிறுத்துனேன். பெத்தவளுக்குன்னு கொண்டாந்தாங்க. நான்தான் குடுக்கல."

பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவன் கண் தரையை விட்டு எழவில்லை. டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டாள். பிள்ளையின் நெஞ்சைத் தொட்டாள், மார்த்தாளின் காலை அழுத்திப் பார்த்தாள், முழங்காலில் தட்டினாள். கால் அசையவில்லை.

"ஏன்யா இதை நேத்தே சொல்லலை?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, உள்ளே ஓடி ஊசியோடு வந்தாள். பிள்ளைக்குப் போட்டாள், தாய்க்கும் போட்டாள். இருவரையும் உள்ளே ஒரு கட்டிலில் படுக்கவைத்தாள்.

கதவுக்கு வெளியே நின்ற ஐசக்கின் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினான். வேதகிரி மேஸ்திரி.

"யாரு, நம்ம பாலிஷ் மிஷின் ஐசக்கா? கொயந்தைக்கு இன்னாடா? பேஜாரா கீதா? ஏண்டா, பிள்ளை பெத்தவளுக்குக் கேவுரு, கருவாடு குடுக்கக் கூடாதுன்னு எவண்டா உனுக்குச் சொன்னது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டார். அந்த ஐப்பசி மத்தியானமும் நத்தைக் குழம்பும் தவிட்டுக் குமியும் அவருக்கு ஒரு சொட்டும் நினைவில் இல்லை. எழுந்திரு என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். ஐசக் ஒருத்தன்தான் அதை இத்தனை வருஷம் சுமந்து, அதை வைத்து வீட்டையே பட்டினி போட்டிருக்கிறான். மறந்துபோன ஒருத்தருக்கு நிரூபித்துக் காட்டவா இவ்வளவும்? மேஸ்திரி மேல் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கலாம்போல ஒரு வேகம் வந்தது. வந்த வேகத்தில் தன் மேலேயே திரும்பியது. "யாரும் சொல்லலீங்க" என்றான். மேஸ்திரி உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் தாண்டி, வெயில் தாழ்வாரத்துத் தூணுக்கு இறங்கின நேரத்தில், உள்ளேயிருந்து ஒரு கரகரப்பு வந்தது. பிறகு சன்னமாக ஒரு குரல். அப்புறம் நன்றாக, ஊரைக் கூட்டுகிற மாதிரி, பசி தாங்காத பிள்ளையின் அழுகை. பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு சந்தோஷப்பட வேண்டிய அப்பன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். பிள்ளையின் தொண்டையை யாரும் அடைக்கவில்லை, நான்தான் அடைத்தேன், அரிசியாலேயே அடைத்தேன் என்றுதான் அவனுக்கு ஓடியது.

டாக்டரம்மா வந்து அவனை நிறுத்திவைத்துச் சொன்னாள். தவிட்டோடும் கஞ்சியோடும் போன சத்து தாய்ப்பாலில் இல்லாததால் வந்த நோவு இது, ஊசி இப்போதைக்குத்தான். தாய் பழையபடி அந்த வெள்ளைச் சோற்றையே தின்றால் இது மறுபடியும் வரும். அரிசியை ஒரு தடவைக்கு மேல் தீட்டக்கூடாது, புழுங்கலாக இருந்தால் நல்லது, கஞ்சியைக் கொட்டக்கூடாது. கேழ்வரகு, பயறு, கீரை, மீன், கருவாடு, எது கிடைக்கிறதோ தினமும் வேண்டும். உங்க வீட்டைச் சுத்தியே கிடைக்குமே, காசுகூட வேண்டாமே என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் தலை இன்னும் ஒரு சாண் இறங்கியது.

பொழுது இறங்க அம்முலு வந்து சேர்ந்தாள். எஸ்தருவை இடுப்பிலும் ஒரு மண் சட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி நடந்தே வந்திருந்தாள். சட்டியில் கேழ்வரகுக் கூழ், மேலே ஒரு இலையில் கடைந்த கீரையும் சுட்ட கருவாடும். உள்ளே பிள்ளைகள் தூங்குகின்றன, வெளியில் வைத்துச் சாப்பிடட்டும் என்று நர்ஸம்மா சொன்னதால், மார்த்தாளைக் கைத்தாங்கலாகத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். கருவாட்டு வாசனை தாழ்வாரம் முழுக்க எழுந்தது. நாலைந்து தலை திரும்பியது. மார்த்தாள் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் குடித்தாள். மூச்சு விடாமல், தொண்டை ஏறி இறங்க, மோவாயில் வழிய வழியக் குடித்தாள்.

ஐசக் அவளுக்கு முன்னால் போய் நின்றான். ஏன் போனான் என்று யோசிக்கவில்லை, கால் தானாகப் போய்விட்டது. பெஞ்சுக்கும் அவளுக்கும் நடுவில், வேட்டியை அகலப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் தான் செய்வது அவனுக்கே தெரிந்தது. காலையில் அத்தனை பேர் எதிரில் எல்லாவற்றையும் சொன்னவன், பிள்ளை பிழைத்த பிறகு, இப்போது அவள் கூழ் குடிக்கிறதை யாரும் பார்க்காமல் மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

மார்த்தாள் சட்டியைக் கீழே வைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறாம் மாசத்துல ஒரு நாளு, நீ மில்லுக்குப் போனப்பறம், இவ வூட்டு வாசல் வரிக்கும் போனேன். ஒரு வாய் கூழுக்கு நாக்கு துடிச்சிது எனுக்கு. சட்டி அங்கதான் இருந்துது. கேட்டிருந்தா குடுத்திருப்பா. யாராச்சும் பாத்துட்டா உம் மானம் போயிடுமேன்னு திரும்பி வந்துட்டேன்."

அம்முலுவுக்கே அது தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூங்கிவிழுந்த எஸ்தருவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கீது, குடிக்கறேன்" என்றாள் மார்த்தாள். "நீ அப்பால நவுந்து நில்லு. காத்து வரட்டும்."

அவன் நகர்ந்தான்.